இரண்டு பக்கமும் ஒரே கோணம்

கோணமானியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. தட்டிப் பார்த்தான். நாலு கோடு தள்ளியே நின்றது.

விமானத்தின் மூக்குக்கு இருபுறமும் விரல் நீளத்தில் ஒரு தகடு உண்டு. மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இரண்டையும் ஒரே ஆள் மாட்டக்கூடாது, ஒரே கருவியால் அளக்கவும் கூடாது என்று பட்டறையில் விதி. இடப்பக்கம் அவனுடையது, வலப்பக்கம் மச்சானுடையது. மனைவியின் அண்ணன், இந்த வேலையை வாங்கிக்கொடுத்த புண்ணியவான். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, ஏணி ஏற முடியல. கையோட அதையும் பாத்துடேன்" என்றார். பார்த்துவிட்டான், இதே கோணமானியை வைத்து.

"இப்ப ரெண்டும் ஒரே பொய்யச் சொல்லும் மச்சான். ஒழுங்காப் பறக்கும்போதே மூக்கு தூக்கிடுச்சுன்னு கம்ப்யூட்டர் கீழ அமுக்கும்."

மச்சான் டீயைக் கீழே வைத்தார். "நீ மாட்டினப்புறம்தான் கோணமானி கெட்டிருக்கும்டா. வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவனுக்கும் அதே பயம்தான். ஆனால் காலையில் ஏணியிலிருந்து இறங்கும்போது, அதே விமானத்தில் பயணிகளின் பைகள் வண்டி வண்டியாக ஏறுவதைப் பார்த்திருந்தான். பட்டறை அதிகாரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"கேப்டன்கிட்ட கேட்டேன்ப்பா. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதாம். திரையில ஒரு எச்சரிக்கையும் இல்லையாம்."

"அதான் சார் பயமா இருக்கு."

"சரி, இரு. மறுபடி கேக்குறேன்."

கேட்டு முடிப்பதற்குள் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே விமானம் நகரத் தொடங்கியிருந்தது. போனை மேஜையில் வைத்துவிட்டு ஓடினான். வெயிலில் தளம் தகதகத்தது. தூரத்தில் மூக்குக்கு நேரே நின்று, நிறுத்தச் சொல்லித் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் யார் முகமும் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தான். இடுப்பைப் பிடித்தபடி மச்சான் ஓடி வந்துகொண்டிருந்தார். இழுத்துப் போகவா, கூட நிற்கவா என்று முகத்தில் தெரியவில்லை.

விமானம் இன்னும் நிற்கவில்லை. அதன் மூக்கின் இரண்டு பக்கமும் தகடுகள் காற்றில் ஒன்றாக அசைந்து, ஒன்றாக நின்றன.