கிழமை பார்க்கும் பசி

தட்டில் வைத்த குழைந்த சோற்றில், ஓரமாகக் கோழி கொத்திய அளவுக்குத்தான் பள்ளம் விழுந்திருந்தது. ஜான் பீ தட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள். தாவூது கல்யாண விருந்து முடித்தவரைப் போலக் கையைக் கழுவிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வாய் சாப்புடுங்க."

"போதும்."

"ரசம் ஊத்தி..."

"போதும்னா போதும். வுடு."

அந்த வீட்டில் பேச்சு உருதுவில்தான், சண்டை மட்டும் தமிழில். மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் வருஷக்கணக்காக ஏலம் கூவிய மனிதருக்குக் கோபம் தமிழில்தான் வரும். அவரோடு குடித்தனம் நடத்தி அவளுக்கும் அதுவே பழகிவிட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு வீட்டில் தமிழே அதிகமாகக் கேட்டது.

பெருங்குடலில் புற்று. கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, கீழ்வழியை அடைத்து, இடுப்புக்கு மேலே இடப்பக்கம் வயிற்றில் ஒரு வாய் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். இனி ஆயுசுக்கும் அந்த வழிதான். மலம் அவரைக் கேட்டுக்கொண்டு வராது, நினைத்தபோது வரும். அதற்குப் பிளாஸ்டிக் உறை, உறையை இறுக்கிப் பிடிக்க ஜான் பீ தைத்துக் கொடுத்த துணிப் பட்டை. அறுத்த டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். கட்டி முழுசாக வந்துவிட்டது. ஆனால் அடுத்து ஏற்றவேண்டிய மருந்து கடுமையானது. இந்த எலும்புக்கூட்டு உடம்பில் அதை ஏற்ற முடியாது. சாப்பிட வைத்து, எடை ஏற்றி, அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு வா.

சாப்பிட வைப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டுதான் அவள் பஸ் ஏறினாள். வந்து பார்த்தால், ஊட்டினால் விழுங்கக் குழந்தையா, அடித்தால் தின்ன மாடா? ஆட்டுக்கால் சூப்பு, அரிசிக் கஞ்சி, புதினாத் துவையல் என்று அடுப்பை அணையவிடாமல் எரித்தாள். எல்லாம் பள்ளத்தோடு திரும்பி வந்தது. மீந்ததைக் கொட்ட மனமில்லாமல் அவளே சாப்பிட்டாள். நோயாளி வீட்டில் சதை போட்டவள் அவள் ஒருத்திதான். ராத்திரி படுத்தால் முதுகு பாயில் ஒட்டாது. எழுந்து போய் அவர் மூச்சைப் பார்ப்பாள், திரும்பிப் படுப்பாள், மறுபடி எழுவாள்.

பால் ஊற்ற வரும் காவேரிதான் அந்த ஊசி டாக்டரைச் சொன்னாள். "பாலக்கோட்டுல ஒருத்தர் இருக்காருங்க பாயம்மா. தலமுடியாட்டம் சன்னமான ஊசிங்க. மருந்து கிருந்து எதுவும் ஏத்தறதில்ல, சும்மா குத்தி வெக்கறாரு. எங்க மாமனுக்குத் தீராத விக்கல், அங்க போய்த்தான் நின்னுச்சு."

அந்த ஊசி டாக்டர் சவுரியப்பன், இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர்தான். கொழும்பில் கலவரம் வருவதற்கு முந்தைய வருஷம் அங்கே போய்ச் சீனத்து ஊசி வைத்தியமும் கற்றுக்கொண்டு வந்தவர். செவ்வாயும் வியாழனும் பின்கட்டு அறையில் ஊசி போடுவார். பெங்களூர் காகிதங்களை எழுத்து விடாமல் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"முன்னாடியே சொல்லிடறேங்க பாயம்மா. இந்த ஊசி புத்தைத் தீர்க்காது. அது கத்தியோட வேலை, அந்த மருந்தோட வேலை. அங்க குடுத்த மாத்திரை ஒண்ணைக்கூட நிறுத்தக்கூடாது. குமட்டல் அடங்கலாம், தூக்கம் வரலாம், பசி கொஞ்சம் கெளம்பலாம். அவ்வளவுதான்."

"பசி வந்தாப் போதுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

தாவூதைக் கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே, மணிக்கட்டுக்கு உள்ளே, கட்டைவிரல் சந்தில் என்று ஊசிகளை இறக்கினார். ரத்தம் ஒரு சொட்டு வரவில்லை. ஜான் பீக்குத்தான் உடம்பெல்லாம் குத்தியது. ஆனால் அன்று திரும்பும் பஸ்ஸில் அவர் குமட்டவில்லை, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தார். பார்த்துப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷம் மறுநாளே போய்விட்டது. வாரா வாரம் இதே கூத்து. சனி, ஞாயிறு, திங்களில் கொஞ்சம் சாப்பிடுவார். செவ்வாய்கூட மோசமில்லை. புதன் வந்தால் தொண்டை அடைத்துவிடும். வியாழன் வெறும் தண்ணீர். வெள்ளிக்கிழமை மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்தவரைப் போல வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிப் போவார். வந்தால் சாயங்காலம் சாப்பிடுவார். அவளும் காரணம் தேடாத இடமில்லை. புதன்கிழமை சந்தைக் காய் சரியில்லை என்றாள், பஸ் புழுதி என்றாள், யார் கண்ணோ பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். கடைசியில் பழி ஊசி டாக்டர் தலையில் விழுந்தது.

அடுத்த வியாழன், தாவூது உடம்பில் ஊசிகளோடு படுத்திருக்க, அவள் கேட்டே விட்டாள். "உங்க ஊசி பலிக்கலீங்க டாக்டர். புதன்கெழமை ஆனா இவுருக்குப் பசி செத்துப்போவுது."

டாக்டர் கையில் பஞ்சோடு நின்றார். "புதன்கிழமைன்னா? எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமுந்தாங்க."

"நோய்க்குக் கிழமை தெரியாதுங்க பாயம்மா," என்றார் அவர்.

அப்போது அந்த அமைதியில் தாவூதின் வயிறு இரைந்தது. மண்டி முழுக்கக் கேட்ட அவர் குரலைப் போல, நன்றாக, நீளமாக இரைந்தது. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். "பாய், உங்களுக்குப் பசி இருக்கு. என்ன விஷயம், சொல்லுங்க."

கோபம் வந்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவது தாவூதின் வழக்கம். கையிலும் காலிலும் ஊசி நிற்கும்போது எங்கே எழுந்து போவது? கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"பசி எப்பவோ வந்துடுச்சுங்க. தின்னா அது வந்துக்கிட்டே இருக்குது. தொழுவறதுக்குக் கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டு நிக்கறேன், பையில எறங்குது. சுத்தம் முறிஞ்சுபோச்சு, அப்பறம் ஏது தொழுகை? புதன்லருந்து தின்னாம இருந்தா வெள்ளிக்கெழமை காலியா இருக்கும்னு பாத்தேன். அப்பவும் காத்து வந்து சத்தம் போடுது."

"அப்ப நீங்க ஜும்ஆவுக்கு..." என்று ஜான் பீ ஆரம்பித்தாள்.

"மசூதி கேட்டு வரைக்கும் போவேன். அப்பறம் மண்டிக்குப் பின்னால தக்காளிக் கூடை அடுக்கியிருக்கில்ல, அங்க குந்தியிருந்துட்டு வருவேன்."

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இந்த மனிதருக்குப் பசி வந்தும் மானம் ஒன்று மட்டும் பறக்காமல் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது. ஜான் பீக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் அவள் அடுப்பில் வெந்ததெல்லாம் எதற்கு?

டாக்டர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன், உங்க சட்டம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கேளுங்க. ஆனா ஒண்ணு, பட்டினி கிடக்கற உடம்புல ஊசி போட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னாங்க?"

அவர் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து நின்ற பிறகு சொன்னார். "ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னிக்கே தொழுவுற பாயை நீதான எடுத்துக்கிட்டுப் போயி அடுத்த ரூம்புல வெச்சே."

வைத்தாள்தான். புழுதி படும் என்று வைத்ததாக இத்தனை நாள் அவளே நம்பிக்கொண்டிருந்தாள். புழுதி இல்லை, நாற்றம். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கிறது. வெட்கத்தில் அவளுக்கு முகம் காந்தியது.

மாரண்டஹள்ளியில் இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மசூதியில் தொழவைக்கும் ஹஜ்ரத்தின் வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். ஹஜ்ரத்தின் மனைவி ஷரீபுன்னிசாவிடம், பை, பட்டை, சத்தம், நாற்றம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஷரீபுன்னிசா உள்ளே போனாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹஜ்ரத்தின் குரலே வந்தது.

"அடக்க முடியாத நோய்க்காரருக்குச் சலுகை இருக்குதும்மா. நேரம் வந்ததும் ஒளு செய்யட்டும். அந்த வேளை முடியற வரைக்கும், பையில எது வந்தாலும் அது முறியாது. பட்டினி கெடக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்ல. வரச் சொல்லு."

ஓடாத குறையாக வந்து சொன்னாள். தாவூது கேட்டுக்கொண்டார்.

"ஹஜ்ரத் சொல்லுவாரு. பக்கத்துல தோளோட தோளா நிக்கறவன் சொல்லுவானா?"

அவள் அடுத்த அறைக்குப் போனாள். தொழுகைப் பாயைக் கொண்டுவந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இட்லியும் ஆட்டுக்கால் குழம்பும் வைத்தாள். அவர் தட்டை முறைத்துப் பார்த்தார். யாரோடோ சண்டைக்குப் போவது போலப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். தட்டு காலியானது. கையை நீட்டி, குண்டானிலிருந்து அவரே இன்னொன்று எடுத்துக்கொண்டார். ஜான் பீ அடுப்பை ஊதுவது போலக் குனிந்துகொண்டாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்புதான்.

மசூதியில் பாங்கு சொல்வதற்குள் உறை நிறைந்துவிட்டது. மாற்றிக் கட்டினாள், பட்டையை இறுக்கினாள். அவர் கிளம்பிப் போன பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போய், மசூதிக்கு எதிரே எண்ணெய்க் கடை ஓரம் நின்றாள்.

திறந்த கேட்டு வழியாகத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கடைசி ஓரத்தில் தாவூது குந்தியிருந்தார். கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், ஈரக் கையால் தலையைத் தடவினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். பிரசங்கம் முடிந்து, உள்ளே வரிசை கூடும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. தாமதமாக ஓடிவந்த ஒருவன் அவருக்குப் பக்கத்தில் குந்தி அவசர அவசரமாகக் கழுவிக்கொண்டு, அவரைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனான். என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

தாவூது ஒரு கையால் சட்டைக்கு மேலே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது காலைக் கழுவியாகிவிட்டது, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒளுவில் பாக்கியிருந்த இடது கால் இன்னும் நனையாமல் படியின்மேல் இருந்தது.