பின்வரிசைக் கட்டுரைகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, மூன்றாம் வகுப்பு டீச்சர் பென்சிலை இடது கையில் பிடித்து எழுத உட்கார்ந்தாள். வலது கையால் எழுதினால் பதினேழு வருஷத்து டீச்சர் கையெழுத்து எட்டிப் பார்த்துவிடும். இடது கை சொன்ன பேச்சைக் கேட்காது. சுழி பெருக்கும், கொம்பு சாயும், வரி மேலே ஏறும். எட்டு வயதுப் பிள்ளையின் எழுத்து அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் என்ன படிக்கிறார்கள் என்று தாழ்வாரச் சுவரைப் பார்த்தாலே தெரிய வேண்டும், எல்லாம் பிள்ளைகள் கைப்பட எழுதியதாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தாள். ஒன்றாம் வகுப்பு எழுத்துகளுக்குப் படம் வரைந்து முடித்துவிட்டது. இரண்டாம் வகுப்பு நூறு வரை எண்களை ரயில்பெட்டிகளாக ஓட்டியிருந்தது. நான்காம் வகுப்பு கடல்நீர் மழையாவதையும், ஐந்தாம் வகுப்பு காகித வட்டங்களை வெட்டிப் பின்னங்களையும் ஒட்டியிருந்தன. மூன்றாம் வகுப்பின் பங்குக்கு வாய்ப்பாடு, செடியின் பாகங்கள், பிறகு ‘என் அம்மா’ என்று ஐந்து வரிக் கட்டுரை. வாய்ப்பாட்டையும் செடியையும் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லி ஒப்பேற்றிவிட்டாள். கட்டுரை காலை வாரிவிட்டது. பின்வரிசைப் பதினோரு பேர் கொடுத்தது வெறும் தாள். சிலர் பெயரை மட்டும் எழுதி, அதன் கீழே பூப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பதினோரு பேரும் வருஷத் தொடக்கத்தில் பின்வரிசையில் இருந்தவர்கள் அல்ல. எழுத்துக் கூட்டத் திணறியவர்களை ஒவ்வொருவராக அவள்தான் பின்னால் அனுப்பினாள். பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று முதல் மாதம் நினைத்தாள். அப்புறம் பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பது பழகிப்போனது. சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

“என்ன, கை சுளுக்கிக்கிச்சா?” என்றார் அந்தப் பக்கமாக வந்த கணவர்.

“பிள்ளைங்க பேப்பர். கொஞ்சம் திருத்தறேன்.”

“இடது கையாலயா?”

அவள் அடுத்த தாளை எடுத்தாள். தப்பைக்கூட அளந்துதான் போட்டாள். ஒரு தாளில் ஒரு சுழி குறைவு, இன்னொன்றில் புள்ளி இல்லை. பதினொன்றும் ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரியக்கூடாது என்று ஆளுக்கு ஒரு வரியை மாற்றினாள். மைனாவின் தாளில் ‘அம்மா அடித்தாலும் எனக்குக் கோபம் வராது’ என்று எழுதினாள். ஓயாமல் வாயடிப்பதால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் மைனா. அதே தாளில் ‘காலையில்’ என்பதை ‘காளையில்’ என்று தப்பாக எழுதியபோது, சமையலில் உப்புச் சரியாக விழுந்தது போல ஒரு திருப்திகூட வந்தது.

மறுநாள் பின்வரிசைப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நம்பியிருந்தாள். பெரும்பாலும் வரவில்லை. மைனாவின் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்பே போகிறவள், அன்றைக்கு அரைநாள் லீவு போட்டிருந்தாள். சலவைச் சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி வெளுத்திருந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகளின் தாளைத் தேடிக் கண்டுபிடித்தாள். நின்று, மெதுவாக, உதடு அசைய வாசித்தாள்.

முதலில் சிரித்தாள். “காலைன்னு எழுதத் தெரியாம காளைன்னு எழுதி வச்சிருக்கா பாருங்க!” பிறகு சிரிப்பு நின்றது. அடுத்த வரிகளுக்குப் போனவள் மறுபடி மேலே வந்தாள். கண் நிறைந்துவிட்டது.

“இது இவளா எழுதினதா, டீச்சர்?”

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை முந்திக்கொண்டாள். “எல்லாமே பிள்ளைங்க சொந்தமா எழுதினதுதாம்மா.” இருவரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள்.

“போன வாரம் அடிச்சுட்டேன் டீச்சர்” என்றாள் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. “பாலைக் கொட்டிட்டாளேன்னு. அசதியில கை நீண்டுடுச்சு. ரெண்டு நாள் எங்கூடப் பேசல. மனசுல வச்சுக்கிட்டாளோன்னு நெனச்சேன். கோபமே இல்லையாம் பாருங்க.” குனிந்து மகளின் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “இதை நான் எடுத்துட்டுப் போகட்டா?”

தாயின் கைக்குள்ளிருந்து மைனா தாளைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள். எதற்கும் வாய் ஓயாத அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் சுவரிலிருந்து தாளைக் கிழியாமல் உரித்துக் கொடுத்தாள். வேறு பக்கம் திரும்பி, சரியாகத்தான் இருந்த ஒரு படத்தை நேராக்கினாள்.

அந்த வாரம் முழுக்கப் பின்வரிசை அமைதியாக இருந்தது. வேறு சமயமாக இருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு மைனா மேசைக்கு வந்தாள். பாவாடைக்குள் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே அந்தத் தாள்.

“டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்றீங்களா? அம்மா தினம் படிச்சுக் காட்டச் சொல்றாங்க. தலைவலின்னு சொன்னேன். கண்ணு எரியுதுன்னு சொன்னேன். இன்னிக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.”

டீச்சர் உறையைக் கையில் வாங்கினாள். “நீ எழுதலன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீங்க பொய் சொன்னீங்கன்னு ஆயிடுமே, டீச்சர்.”

வேண்டுமென்று குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பிள்ளை நிஜமான கவலையோடு சொன்னது. வேறு வழி தெரியாமல் டீச்சர் தான் எழுதியதைத் தானே வாசித்தாள். தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. காலையில் எழுப்பித் தலை வாரிவிடும் வரி வந்ததும் மைனா நிறுத்தினாள்.

“நான் எந்திரிக்கிறப்போ அம்மா இருக்க மாட்டாங்களே. நானேதான் தலை வாரிக்குவேன்.” பிறகு, டீச்சர் மனம் நோகக்கூடாது என்பது போல, “பரவால்ல. இப்படியே மனப்பாடம் பண்ணிக்கிறேன்” என்றாள்.

இரண்டே தடவை கேட்டாள். மூன்றாம் தடவை ஐந்து வரிகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மண்டையில் ஏறாது என்று டீச்சர் ஒதுக்கிவைத்த பிள்ளை.

“எந்த வரிக்கு எங்க விரல் வைக்கணும், டீச்சர்? இல்லன்னா அம்மா கண்டுபிடிச்சுருவாங்க.”

டீச்சர் அந்தச் சின்ன விரலைப் பிடித்து முதல் வரியில் வைத்தாள். இரண்டாம் வரிக்கு நகர்த்தினாள். மூன்றாம் வரிக்குப் போகும்போது அவளால் முடியவில்லை. இத்தனை மாதத்தில் இந்த விரலைப் பிடித்து அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான் என்று தோன்றியதும் உடம்பு கூசியது. விரலை விட்டுவிட்டாள்.

“சாயங்காலம் நான் உங்க வீட்டுக்கு வர்றேன்.”

“அடிக்கச் சொல்வீங்களா?”

“இல்லம்மா. உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க.”

வீடு ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒற்றை அறை. மைனாவின் அம்மா அலமாரியைத் திறந்துபோட்டுத் தாளைத் தேடிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் பதறி நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினாள். “உட்காருங்க டீச்சர். இவ ஏதும் சேட்டை பண்ணிட்டாளா?”

வழியெல்லாம் டீச்சர் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்திருந்தாள். வேலைப்பளு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், தலைமையாசிரியையின் நெருக்கடி. அந்த முகத்தைப் பார்த்ததும் சப்பைக்கட்டு எதுவும் வாயில் நிற்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து உறையை நீட்டினாள்.

“இதை உங்க பொண்ணு எழுதல. நான் எழுதினேன்.”

“நீங்க சொல்லச் சொல்ல அவ எழுதினாளா?”

“இல்ல. நானே எழுதினேன். இடது கையால.”

அந்த அம்மா உறையை வாங்காமல் நின்றாள். கீழே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது தெளிவாகக் கேட்டது.

“அந்தக் காளை?”

“அதுவும்தான்.”

“அடிச்சாலும் கோபம் வராதுன்னு இருக்கே. அது?”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கன்னத்தில் ஒன்று வைத்தால்கூடப் பரவாயில்லை, கணக்குத் தீர்ந்துவிடும். அந்த அம்மா அதையெல்லாம் செய்யவில்லை. சுவரோரம் ஒட்டி நின்ற மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்ப இவளுக்கு எழுதத் தெரியாதா?”

“தெரியாது.”

“படிக்க?”

“தெரியாது.”

“தினம் சோத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பறேன். மூணு வருஷமாப் போறா. இந்த வருஷம் பூரா உங்க கிளாஸ்ல உட்கார்ந்திருக்கா.” குரல் உயரவே இல்லை. “என்னதான் டீச்சர் கத்துக்கிட்டா?”

சத்தம் போடாமல் இருக்க. டீச்சருக்கு வந்த பதில் அது ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை.

“இவ ஒருத்திக்குத்தானா, இல்ல இன்னும் எழுதினீங்களா?”

“இன்னும் பத்துப் பேருக்கு.”

“அந்த வீட்டுக்கெல்லாமும் போவீங்களா?”

அவள் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. இந்தப் படிக்கட்டை ஏறிவிட்டால் போதும் என்றுதான் வந்திருந்தாள். போவேன் என்று சொல்ல வாய் திறந்தாள். தலைமையாசிரியையின் முகம் குறுக்கே வந்து நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த அம்மா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், பாதி எழுதிய ஒரு பழைய சலவைக் குறிப்பு நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

“சொல்லிக்கொடுங்க. என் கண்ணு முன்னாடி. நான் பார்க்கணும்.”

டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். மைனா தயங்கித் தயங்கி வந்து முழங்கால் முட்டப் பக்கத்தில் அமர்ந்தாள். “என்ன எழுதட்டும், டீச்சர்?”

“நீயே சொல்லு.”

மைனா அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். “பாலை நான் கொட்டல. பூனை கொட்டுச்சு. அதை எழுதலாமா?”

அந்த அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் வலது கையால் ‘பூ’ என்று ஒரு முறை எழுதிக் காட்டிப் பென்சிலைக் கொடுத்தாள். மைனா நாக்கைத் துருத்திக்கொண்டு, தாளில் பள்ளம் விழுகிற அழுத்தத்தில் கோட்டை இழுத்தாள். எழுத்து பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவள் அதற்குப் பக்கத்தில், மீதமிருந்த கொஞ்சம் இடத்தில், ‘னை’க்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பென்சில் முனையை வைத்தபடி காத்திருந்தாள்.