தங்கை பிள்ளைக்குக் கேட்ட மருந்து

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். மாடியில் அக்கா, கீழே தங்கை. அக்கா தையல்காரி. அவள் மகள் குட்டிக்குத் தவழும் வயதிலிருந்தே வலிப்பு. எத்தனையோ மருந்து மாற்றியாயிற்று. கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி தலைகாட்டும். பள்ளிக்கூட வயது வந்தும் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேச்சு வரவில்லை.

தங்கைக்கு மகன் பிறந்தான். பிறந்த வாரமே அவனுக்கும் வலிப்பு. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, இனி நான் மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது.

அது நிலைக்கவில்லை. டாக்டரம்மா குழந்தைக்கு பி6 வைட்டமின் ஊசி போட்டார். திரையில் தாறுமாறாக ஓடிய மூளை அலைகள் அக்காவின் கண்ணெதிரே அடங்கின. கைகால் வெட்டுவதும் நின்றது. வெறும் வைட்டமின். தங்கையிடம் சொல்லிக்கொள்ளாமலே அவள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

பரிசோதனை முடிவு வந்ததும் தங்கை மாடியேறி வந்தாள்.

"உடம்புல ஏதோ ஒண்ணு சரியா செரிக்காம தேங்கி, பி6-ஐ வேலை செய்ய விடாதாம்க்கா. அப்பா அம்மா ரெண்டு பேருகிட்டயும் பழுதான மரபணு இருந்து, ரெண்டும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தா இந்த நோய் வருமாம். நாம அக்கா தங்கச்சி, அவங்க அண்ணன் தம்பி. குட்டிக்கும் இதுவா இருக்கலாம், கூட்டிட்டு வாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"உன் பிள்ளை தேறிட்டான். இப்ப எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டியா?"

தங்கை கீழே இறங்கிப் போனாள்.

குட்டிக்கு அதுவாக இருந்தால் இத்தனை வருஷமும் வீணாகப் போனதாகிவிடும். இல்லையென்றால் தங்கை மட்டும் தப்பித்தவளாகிவிடுவாள். இரண்டையுமே அக்காவால் தாங்க முடியவில்லை. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள். கீழே தாலாட்டுக் கேட்டால் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

ஒரு மத்தியானம் குட்டிக்கு வலிப்பு வந்து ஓய்ந்தது. அவளைப் படுக்கவைத்துவிட்டு அக்கா கீழே இறங்கினாள். தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். தொட்டில் பக்கத்து அலமாரியிலிருந்து குழந்தையின் பி6 மாத்திரைகளை உருவி மடியில் செருகித் திரும்பினால், ஈரத்தலையோடு தங்கை நிற்கிறாள்.

"திருடத்தான் வந்தேன்," என்றாள் அக்கா. "உன் பிள்ளை நல்லா இருக்கிறத என்னால பாக்க முடியல."

"தெரியும்க்கா," என்றாள் தங்கை. "எடுத்துக்கோ. ஆனா நீயா குடுத்துடாத. முதல் தடவை குடுக்கிறப்ப மூச்சு நின்னுடலாமாம். ஆஸ்பத்திரியில வச்சுத்தான் குடுக்கணும். நான் கூட வரேன்."

மறுநாள் போனார்கள். குட்டிக்கும் அதே நோய்தான். பி6 கொடுத்த பிறகு வலிப்பு வரவே இல்லை. பழைய மருந்துகளை டாக்டரம்மா ஒவ்வொன்றாக நிறுத்தினார். அவற்றால் எந்நேரமும் தூங்கி வழிந்த பிள்ளை துணி வெட்டும் பலகையைச் சுற்றி ஓடியாடினாள்.

"பேச்சு இன்னும் கொஞ்சம் வரும். போன காலம் முழுசா திரும்பாதும்மா," என்றார் டாக்டரம்மா.

பையன் வளர்ந்தான். ஒருநாள் அக்காவின் முன்னால் வந்து நின்று, "பெரியம்மா, என் சட்டையில பட்டன் போயிடுச்சு, தச்சுத் தரியா?" என்று மூச்சுவிடாமல் கேட்டான். குட்டி அவனைச் சுட்டிக்காட்டி, "தம்பி," என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள்.

அக்காவுக்கு உள்ளே சுருக்கென்றது. இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை. "கழட்டுடா," என்று சட்டையை வாங்கிக்கொண்டு ஊசியைத் தேடினாள்.