கதவின் ஓரத்து வெள்ளை

ராணுவக்காரனுக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியாது. அவர்கள் ஏலத்தில் கழித்துவிடும் புல்டோசர்களைச் சுரண்டி மஞ்சளாக்குவதுதான் எங்கள் பட்டறைக்குப் பிழைப்பு, அதனால் அடித்துச் சொல்வேன். சண்டை நடக்கிற இடத்துக்குத் தக்கபடி மணல் நிறத்தின் மேல் பச்சை, பச்சையின் மேல் மறுபடி மணல் என்று அப்பித் தள்ளியிருப்பார்கள். கதவைத் திறந்து ஓரத்துக்கு அடிக்க ஒருவனுக்கும் பொறுமை இருக்காது.

மத்தியானம் அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டு வருவாள். கூடவே இன்னொரு டப்பா, அத்தானுக்கு. என்றைக்கு, எந்த வழியாகத் திரும்பி வந்தாலும் பசியோடுதான் வருவாராம். போகிற இடமெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு திரிவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

சண்டையின்போது அத்தானையும் தெருவில் இருந்த ஆண்களையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். பின்னாலேயே ஒரு புல்டோசர் போனதை அக்கா பார்த்தாள். மணல் நிறம். இடது பக்கம் மட்டும் வேறெதிலிருந்தோ கழற்றி மாட்டிய வெள்ளைக் கதவு. குழி தோண்டி எல்லாரையும் மூடிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அக்கா விசாரிக்கப் போனபோது அதிகாரி சிரித்தார்.

"வெள்ளைக் கதவு வச்ச வண்டியே எங்ககிட்ட கிடையாதும்மா. உங்க வீட்டுக்காரர் முகாம்ல இருக்கார், வந்துடுவார்."

வண்டி பொய்யென்றால் குழியும் பொய். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இன்று காலை வந்த பச்சை வண்டியின் இடது கதவைத் திறந்தேன். ஓரம் முழுக்க வெள்ளை.

அந்த ஓரத்தை மறுபடி பார்க்கத் தைரியமில்லாமல் கதவைச் சாத்தினேன். சுரண்டவில்லை, ஒன்றுமில்லை, வெளியே மட்டும் மஞ்சளை அடித்துத் தள்ளினேன்.

"என்னப்பா, வண்டி ரயிலைப் பிடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார் முதலாளி.

அக்கா வந்தபோது பெயின்ட் காயவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இடது பக்கம் நின்றாள்.

"இந்தக் கதவு மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?"

"எல்லாம் ஒண்ணுதான். ஈரமா இருக்கு, தொடாதக்கா."

தொட்டாள். திறந்தாள்.

ரொம்ப நேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கையில் ஒட்டிய மஞ்சளோடு வந்து இரண்டு டப்பாவையும் என் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டையும் நீயே சாப்பிட்டுடு," என்றாள். "நாளையிலிருந்து ஒண்ணுதான் கொண்டு வருவேன்."