மூன்றாவது ஆளின் எடை

இரும்பு மடக்கு நாற்காலியை காலேஜ் லேபின் நடுவே விரித்து வைத்தேன். இண்டூரில் ஹீனாவின் அப்பா காஜா பாய் நடத்தும் பந்தல் கடையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த நாற்காலி. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார். அதில் யார் உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியின் கால் எவ்வளவு வளைந்தே நின்றுவிடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் எனக்கும் ஹீனாவுக்கும் கடைசி வருட ப்ராஜெக்ட். இன்று பாஸ் ஆனால் அடுத்த மாதம் ஓசூரில் இருவருக்கும் வேலை. ஆகாவிட்டால் எனக்குப் பந்தல் கட்டும் வேலை. காஜா பாய் இடம் காலியாகத்தான் வைத்திருக்கிறார்.

முதல் ரிவ்யூவில், ப்ராஜெக்டைச் சரிபார்க்கும் மாதவராஜ் சார் எங்களை விரட்டிவிட்டார். முதல் ஆள் எழுந்ததும், இரண்டாவது ஆளுக்கு வளையாத புது நாற்காலியிலிருந்து கணக்கை ஆரம்பித்திருந்தோம்.

"கல்யாணத்துல ஆளுக்கொரு புதுச் சேரா போடறாங்க? மொத ஆளு வளைச்சு வச்சதுலதான மாதேஷு ரெண்டாவது ஆளு ஒக்காருவான்?"

நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த முறை ஹீனா, முதல் கணக்கு முடிந்த நிலையை, வளைவையும் இரும்புக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தையும் சேர்த்து, அப்படியே இரண்டாவது கணக்கின் தொடக்கமாக வைத்திருந்தாள். முதலில் நான், எழுபது கிலோ. அடுத்து காஜா பாய், தொண்ணூறு. நிஜ நாற்காலியிலும் அதே வரிசையில் உட்கார்ந்து அளந்திருந்தோம். இரண்டும் பொருந்தின.

சார் நம்பவில்லை. "மூணாவதா நான் ஒக்கார்றேன். போடும்மா."

கணக்குக்கு அவர் எடை வேண்டும். நான்கு வருடமாக எங்கள் துறையில் எவரும் கேட்கத் துணியாத கேள்வி. நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஹீனா கேட்டேவிட்டாள்.

"எண்பத்தஞ்சு," என்றார் சார், வயிற்றை உள்ளே இழுத்தபடி.

தொண்ணூறைத் தாங்கிய கால் எண்பத்தைந்துக்குப் புதிதாக வளையாது என்றது கம்ப்யூட்டர். சார் உட்கார்ந்தார். நாற்காலி ஏதோ சொன்னது. எழுந்தார். ஹீனா அளந்தாள். கூடுதலாக இரண்டு மில்லிமீட்டர்.

"அப்ப கணக்கு தப்பு," என்று சார் பேனாவை மூடினார். ஓசூர் பஸ் நான் ஏறாமலே கிளம்பிவிட்டது.

"கணக்குல தப்பில்லீங்க சார்," என்றாள் ஹீனா.

"வுடு ஹீனா," என்று முணுமுணுத்தேன்.

அவள் எடையைக் கிலோ கிலோவாக ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மில்லி வளையணும்னா நூத்தி நாலு வேணுங்க சார்."

சார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன்.

"நூத்தி மூணும்மா," என்றார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி. "வூட்ல டயட்ல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். பாத்து."

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். போனை எடுத்து, "பிரின்சிபல் சார், ஒரு நிமிசம் லேபுக்கு வர்றீங்களா? பசங்க நல்ல சேர் ஒண்ணு கொண்டாந்திருக்காங்க," என்றார்.

ஹீனா, சார் எழுந்த நிலையிலிருந்து நான்காவது கணக்கைத் திறந்தாள். வராந்தாவில் கனமான காலடிகள் நெருங்கின. நாங்கள் மூவரும் முகத்தைப் பவ்யமாக்கிக்கொண்டோம். திரையில், எடை எழுத வேண்டிய கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.