பத்தில் நான்கு

…பத்தில் ஏறக்குறைய நான்கு, சரியாகத்தான் வாசித்தேனா, ஆமாம், தாளில் அப்படித்தான் இருந்தது, உலகில் புதிதாக வரும் புற்றுநோய்களில் பத்துக்கு நான்கு தடுக்கக்கூடிய காரணங்களோடு தொடர்புடையவை, புகையிலை, மது, சில தொற்றுகள், கெட்டுப்போன காற்று... வானொலி நிலையத்தின் சிவப்பு விளக்கு அணைந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. வெள்ளம், தேர்தல், விலைவாசி, இத்தனை வருஷமாக எதை வாசித்தும் ஏறாத குரல் இன்றைக்கு ஏறிவிட்டது. செய்தி ஆசிரியர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “ஏம்மா, புற்றுநோய்ச் செய்தியைக் கல்யாணச் சேதி மாதிரி வாசிச்சிட்டீங்களே!” “நல்ல சேதிதானே சார்?” வாய் முந்திக்கொண்டது, அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நல்ல சேதி இல்லாமல் வேறென்ன? முதலில் சித்தி, பிறகு அம்மா, அம்மாவுக்கு நுரையீரலில்... அடுத்தது நான்தான் என்று ஒவ்வொரு இருமலுக்கும் உயிர் போய் உயிர் வந்ததே, தலையெழுத்து என்றல்லவா இருந்தேன்? இப்போது தலையெழுத்திலும் கொஞ்சம் அழிக்கலாமாம்! மீதி ஆறு? இருக்கட்டுமே, பத்தும் எனக்கென்றே இருந்தவளுக்கு நாலு கழிந்தால் போதாதா... படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள், வெயில்கூட இதமாக இருந்தது, பயந்து பயந்து தள்ளிப்போட்ட பரிசோதனைக்கு நாளைக்கே போய்விடலாம், இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அதற்குள் கைப்பேசி அடித்தது. அப்பா! மகள் வாசிக்கும் செய்தியை ஒருநாளும் விடாதவர்.

“கேட்டீங்களாப்பா?”

“கேட்டேன்மா. நல்லா வாசிச்சே.” வானொலியை அணைக்கும் சத்தம் கேட்டது. “அந்தப் புகையிலைன்னு சொன்னியே... அது குடிக்கிறவங்களுக்கு மட்டுந்தானாம்மா? கூட இருக்கிறவங்களுக்குமா?”

நடை நின்றுவிட்டது. அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை, மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் ஒரே அறையில், அப்பா கையில் சிகரெட்டோடு... பதில் அவளுக்குத் தெரியும், தெரியாதென்று சொல்லலாமா... “வீட்டுக்கு வரேன்ப்பா, வந்து பேசுவோம்.” “சரிம்மா,” என்றார், ஆனால் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. அம்மாவை எடுத்த மறுநாளே சிகரெட்டை விட்டாரே, யாரும் சொல்லாமல், ஒரே நாளில்... துக்கத்தில் விட்டார் என்றுதானே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்?