சொல்வதை எழுதுகிறவள்

1

இப்போதெல்லாம் வாத்தியார் வேலையை எப்படிச் செய்வது என்று வாத்தியாரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. முடிவெட்டுகிறவர் சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனைத் தேய்த்துக்கொண்டே சொல்கிறார். பிள்ளை தேறினால் அது பிள்ளையின் மூளை. தேறாவிட்டால் டீச்சர் சரியில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருக்க எவனுக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையை எழுதுகிற கிழவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரிப் பட்டறையில் வெல்டராக இருந்தவன். கண் மங்கியபின் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறான். ஏதோ சில பத்திரிகையில் வந்தும் இருக்கிறது. ‘நான்’ என்று எழுதினால் பேனா தன் பக்கமே சாயும் என்பதால் ‘கிழவன்’ என்றே போட்டுக்கொள்கிறான். யாரையும் நம்பாதவன் தன்னை மட்டும் எப்படி நம்புவது?

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது சுட்ட கதை. மருமகள் சாப்பிடும்போது சொன்னது. உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். சொல்லி முடித்துக் கை கழுவும்போது, “மாமா, இதைக் கதை கிதைன்னு எழுதி வச்சிடாதீங்க” என்றாள்.

“நான் என்னத்த எழுதப் போறேன்” என்றான் கிழவன்.

2

முதல் தொடக்கம்: “காலைப் பனியில் பள்ளிக்கூடத்து மணியோசை மிதந்து வந்து...”

வேண்டாம். பனியும் இல்லை, மணியும் இல்லை. அந்தப் பள்ளியில் இப்போது ஆலைச் சங்கு மாதிரி ஏதோ ஊதுகிறது.

இரண்டாவது தொடக்கம்: “அந்தப் பெண்ணின் வலது கை ஒடிந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.”

இது தேவலை. அடுத்த தெரு டயர்கடைக்காரரின் மகள், பத்தாம் வகுப்பு, பரீட்சை நெருங்கும் சமயத்தில் மாடிப்படியில் சறுக்கி விழுந்தாள். முழங்கை வரை மாவுக்கட்டு. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. தனி அறையில் பிள்ளை விடையை வாயால் சொல்லும், ஓர் ஆசிரியர் கேட்டு எழுதுவார். ‘சொல்வதை எழுதுபவர்’ என்று அந்த வேலைக்குப் பெயர். எழுதுகிறவர் அந்தப் பாடத்து ஆசிரியராக இருக்கக் கூடாது. சொன்னதைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. அறிவியல் பரீட்சைக்கு அந்த வேலை மருமகள் தலையில் விழுந்தது.

டயர்கடைக்காரர் ஒரு மாதிரியான ஆள். மகள் ஒரு பாடத்தில் கோட்டை விட்டாலும் கடைக் கல்லாவில் உட்கார வைத்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், கிழவனைத் தெருவில் மடக்கினார்.

“அண்ணே, உங்க மருமகதானாமே எழுதப் போறது? கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க.”

கிழவன் போய்ச் சொன்னான். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்துக்கறதுன்னா என்ன மாமா?”

“ஒண்ணு ரெண்டு தப்பா சொன்னா...”

“தப்பாவே எழுதுவேன்.”

“கல்லு மனசும்மா உனக்கு.”

“கல்லா இருக்கறவங்களைத்தான் அந்த வேலைக்குப் போடுவாங்க” என்று சிரித்தாள்.

[சிரித்தாளா? முதலில் ‘முறைத்தாள்’ என்று எழுதியிருந்தான். அவள் முகம் கிழவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. மகன் வெளியூர் வேலையில் இருக்கிறான். அவனைக் கேட்டால், “எனக்கே தெரியாதுப்பா” என்கிறான்.]

3

இனி பரீட்சை அறைக்குள் போக வேண்டும். கிழவன் அங்கே இல்லை. அவள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறான். ஆனால் அவளைப் போல இல்லை, கூட்டுவான், குறைப்பான்.

அது ஆய்வுக்கூடம். சுவரில் இருந்த படங்களையெல்லாம் செய்தித்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். வாசலோரம் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். மருமகள் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனாள். சளியா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றாள்.

சளி இல்லை. வகுப்பில் பிள்ளைகள் சரியாகச் சொன்னால் அவளை அறியாமல் உதடு விரியும், தப்பாகச் சொன்னால் சுருங்கும். அதைப் பார்த்துப் பார்த்தே பாதி வகுப்பு விடையை மாற்றிக்கொள்ளும். இத்தனை வருஷம் பாடம் நடத்திய முகத்தை அன்றைக்கு மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணும் காட்டிக்கொடுத்துவிடுமே என்று குனிந்த தலை நிமிராமல் எழுதினாள்.

கடைசிப் பெரிய கேள்வி, ரத்த ஓட்டம். பெண் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். இதயத்திலிருந்து நுரையீரல் தமனி வழியாக ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது என்று ஆரம்பித்து ஒரு பக்கம். பிறகு நின்றுவிட்டாள்.

“டீச்சர்... தமனின்னா நல்ல ரத்தம்தானே போகும்?”

மருமகள் பேனாவைத் தாளில் வைத்தபடி குனிந்தே இருந்தாள்.

“என்னைக் கொஞ்சம் பாருங்களேன் டீச்சர்.”

பார்க்கவில்லை.

“அடிச்சிடுங்க. முழுசா அடிச்சிடுங்க. நான் தப்பா சொல்லிட்டேன்.”

பெண் முதலில் சொன்னதுதான் சரி. மற்ற தமனிகளில் நல்ல ரத்தம், நுரையீரலுக்குப் போகிற இதில் மட்டும் கெட்டது. மருமகளுக்கு அது தெரியும். கிழவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் படம் போட்டு விளக்கினார். கிழவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்டதெல்லாம் அவள்தான். (கதைக்காக ஒட்டவைத்தது என்பீர்கள். தையல் நெஞ்சில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.)

சரியான விடையின் மேல் மருமகள் குறுக்கே கோடு போட்டாள். பெண் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னாள். அதையும் எழுதினாள்.

4

இந்த இடத்தில் கிழவன் ஒரு வேலை செய்தான். “அடிச்சிடுங்க” என்று பெண் சொன்னதும் மருமகள் லேசாக இருமினாள் என்று எழுதினான். பெண் புரிந்துகொண்டாள், விடை தப்பித்தது, எல்லாருக்கும் நல்லது. பத்திரிகைக்காரருக்கும் பிடிக்கும்.

மேசை துடைக்க வந்த மருமகள் அதைப் படித்துவிட்டாள்.

“நான் எப்ப மாமா இருமினேன்?”

“கதையில இருமினா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

“பக்கத்து ஹால்ல அத்தனை பிள்ளைங்க தனியா முழிச்சுக்கிட்டு இருந்துச்சே. அதுங்களுக்கு யாரு இருமறது?”

“அதுங்களுக்குக் கை ஒடியலையே!”

“ஒடிஞ்ச கைக்குத்தான் என் கையைக் குடுத்தேன். தலையையும் குடுக்கணுமா?”

அதற்காக ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை கிழவன். அதுதான் கடமை என்றால், பேனா பிடிக்கத் தெரிந்த ஓர் இயந்திரம் போதுமே, டீச்சர் எதற்கு?

[பரீட்சையன்று அவள் வீட்டுக்கு வந்ததும் குளித்தாள். சாயங்காலம் மறுபடி குளித்தாள். மனம் ஆறவில்லை என்று எழுதலாம். அன்று வெயிலும் அதிகம்.]

இருமலை அடித்துவிட்டான்.

5

முடிவுகள் வந்தன. பெண் மற்றப் பாடங்களில் தேறி, அறிவியலில் போய்விட்டாள். அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் தேறியிருப்பாள். மறுதேர்வுக்கு விண்ணப்பிக்க நேரம் இருந்தது. டயர்கடைக்காரர் கல்லாவுக்குப் புது நாற்காலி வாங்கிவிட்டார்.

இன்று சாயங்காலம் பெண் வந்தாள். கட்டுப் பிரித்த கை மெலிந்து வெளுத்திருந்தது. கிழவன் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்த வரிகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். வந்தவள் உட்காரவில்லை.

“புத்தகத்துல பாத்தேன் டீச்சர். நான் முதல்ல சொன்னதுதான் சரி.”

“ம்.”

“உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

மருமகள் அவளையே பார்த்தாள்.

“நீங்க ஹிஸ்டரி டீச்சர். தெரியலைன்னா தெரியலை, அதுல ஒண்ணுமில்ல. அப்பாகிட்ட சண்டை போட்டாவது மறுதேர்வு எழுதறேன். தெரிஞ்சேதான் கோடு போட்டீங்கன்னா...” மெலிந்த கையால் கண்ணைத் துடைத்தாள். “உங்களையே நம்ப முடியலைன்னா அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு எதுக்கு டீச்சர்? கடையிலயே உக்காந்துக்கறேன்.”

கிழவன் மூன்று முடிவு எழுதிப் பார்த்தான்.

“தெரியாது.” ஒரே ஒரு பொய். பெண்ணின் படிப்பு பிழைக்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்காகக்கூட இருமாதவள், தனக்கும் சேர்த்து நன்மை தருகிற பொய்யைச் சொல்வாளா? கதை எழுதுகிறவன் சொல்லவைத்தால் அது அவள் பேச்சாகாது.

“தெரியும்.” உண்மைதான். அந்த உண்மை அந்தப் பெண்ணை நேரே புது நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கும். பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைப்பதும் டீச்சர் கடமைதானே? எந்தக் கடமை பெரிது என்று டீச்சர்களுக்கு யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

“ஞாபகமில்லையேம்மா.” இப்படித்தான் பெரிய மனிதர்கள் எல்லாரும் தப்பிக்கிறார்கள். இவளும் இதைச் சொல்லிவிடுவாளோ என்றுதான் கிழவனுக்கு உள்ளூரப் பயம். சொன்னால், இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்து...

6

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “முதல்ல உக்காரு” என்றாள். பெண் உட்கார்ந்தாள். கிழவன் எழுந்தான்.

“எங்க மாமா கிளம்பிட்டீங்க? இருந்து கேட்டுட்டுப் போங்க.”

“எனக்கெதுக்கும்மா? நீ என்ன சொன்னாலும் நான் மாத்தித்தான் எழுதுவேன்.”

வெளியே வேப்பமர நிழலில் ஸ்கூட்டரைச் சாய்த்து அதன்மேல் டயர்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரமாட்டாராம், ரோஷம்.

“என்னண்ணே சொல்றாங்க உங்க மருமக?”

“இன்னும் சொல்லலை. போய்க் கேளு.”

“படிச்சவங்க பேச்சுல நமக்கு என்னண்ணே வேலை?”

“உன் பொண்ணு அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா. போய்யா.”

அவர் வண்டியை விட்டு இறங்கினார். இறங்கியவர் உள்ளே போனாரா, மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டாரா என்பது கிழவனுக்குத் தெரியாது. கதவு திறந்துதான் இருக்கிறது. கேட்க வேண்டும் என்றிருப்பவர்கள் போய் நின்று கேட்டுக்கொள்ளலாம். அவள் என்ன சொன்னாலும் அது சரியென்று கிழவன் ஒத்துக்கொள்ளப்போவதில்லை. பொய் சொன்னால் டீச்சரா என்பான், உண்மையைச் சொன்னால் மனுஷியா என்பான். அப்படிப்பட்டவன் அங்கே இருக்கக் கூடாது.

அவன் தெருமுனை தாண்டி, போக ஓர் இடமும் இல்லாமல், நடந்துகொண்டிருக்கிறான்.